ஆறிப்போன எஞ்சினைக் கேட்கத் தெரிந்த பட்டறை

கோவையில் கணபதிக்கும் சரவணம்பட்டிக்கும் நடுவில், சத்தி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிற கார் பட்டறையைப் பற்றி எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று பட்டறைக்காரரே கேட்டுக்கொண்டார். அவரும் இரண்டு பையன்களும்தான் வேலை செய்கிறார்கள். ஒரே நேரத்தில் நாலு வண்டிக்கு மேல் எடுப்பதில்லை. "கூட்டம் வந்தா அவசரம் வந்துருமுங்க. அவசரப்பட்டா வேல கெட்டுருமுங்க" என்றார். அந்தப் பேச்சுக்கு மரியாதை கொடுத்துப் பெயரை விட்டுவிடுகிறேன். அங்கே நடந்த வேலையை மட்டும் ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் என் காரில் வந்த சத்தத்துக்காக நான் ஏறி இறங்கிய இரண்டு இடங்களில், ஒன்றில் பயமுறுத்தினார்கள், இன்னொன்றில் சத்தத்தை அமுக்கிவிடலாம் என்றார்கள்.

நான் அன்னூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். வீடு கணபதியில். போக வர தினமும் 52 கிலோமீட்டர். ஆறு வருடம் பஸ்ஸில்தான் போனேன். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபிறகு வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போக வேண்டி வந்தது. அதற்காகத்தான் ஆகஸ்டில் ஒரு செகண்ட் ஹேண்ட் டீசல் கார் வாங்கினேன். 2015 மாடல், இரண்டாவது ஓனர், மீட்டரில் 82,000 கி.மீ. விலை 3,45,000 ரூபாய். எஞ்சின் 1248 சிசி. ஃபியட் வடிவமைத்த இந்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சினை நம் நாட்டில் மாருதியும் டாடாவும்கூட அவரவர் வைத்த பெயரில் பல கார்களில் போட்டார்கள். அதனால் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் கைபழகின எஞ்சின் என்றுதான் சொல்வார். எஞ்சின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை அதை முன்னால் வைத்திருந்தவர்கள் ஆயில் மாற்றாமல் ஓட்டியதில் இருக்கிறது. அது பின்னால்தான் தெரிந்தது.

வண்டியைப் பார்க்கப் போனது ஒரு சாயங்காலம். பானட்டைத் தொட்டால் சுட்டது. "பேட்டரி இறங்கிடக் கூடாதுன்னு கொஞ்ச நேரம் ஓட விட்டேன் மேடம்" என்றார் விற்றவர். எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஸ்டார்ட் செய்தோம், பூ மாதிரி எடுத்தது. அவிநாசி ரோடு வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். பிரேக், கிளட்ச், ஏசி எல்லாம் சரி. ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, பணத்தைக் கட்டி, வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை 6.40-க்குச் சாவியைத் திருப்பினேன். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம். மூன்று விநாடி. பிறகு தானாக அடங்கிவிட்டது. எதிர் வீட்டுக்காரம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். கோவில்பாளையம் தாண்டுவதற்குள் இன்னொரு சத்தம் சேர்ந்துகொண்டது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க 'உம்ம்ம்' என்று ஒரு முனகல் ஏறியது, ஏசி போட்டால் கூடுதலாக. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போது காதில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. சேர்த்து வைத்த பணம், போதாமல் கூட்டுறவுச் சொசைட்டியில் எடுத்த லோன், எல்லாம் அந்த வண்டிக்குள் இருந்தது.

முதலில் போனது பெரிய சர்வீஸ் சென்டர். கண்ணாடிக் கதவு, சோபா, காபி எல்லாம் உண்டு. பத்து நிமிடம் வண்டியை ரேஸ் செய்து பார்த்துவிட்டு "எஞ்சின் உள்ள பேரிங் போயிருக்கு, எஞ்சினை இறக்கணும், 65,000 ஆகும்" என்றார்கள். எந்த பேரிங், எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வீட்ல சார் யாராச்சும் வருவாங்களா மேடம், அவர்கிட்ட விளக்கமா சொல்றோம்" என்று பதில் வந்தது. அதற்குமேல் அங்கே உட்காரப் பிடிக்கவில்லை. இரண்டாவது இடம் ரோட்டோரக் கடை. "டீசல் வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும். கெட்டி ஆயிலும் ஒரு பாட்டில் மருந்தும் ஊத்திட்டா அமுங்கிடும், 2,800 ரூபாய்" என்றார். சத்தத்தை அமுக்கவா நான் வந்தேன்? சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். திரும்பிவிட்டேன்.

எங்கள் பள்ளி பி.டி. சார்தான் இந்தப் பட்டறையைச் சொன்னார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனேன். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். கேள்விகளாகக் கேட்டார். சத்தம் ஆறின வண்டியிலா, சூடான வண்டியிலா? எத்தனை விநாடி? நின்றுகொண்டிருக்கும்போது கிளட்சை அமுக்கினால் மாறுகிறதா? ஏசி போட்டால்? கடைசியாக ஆயில் மாற்றிய பில் இருக்கிறதா? கிளட்சை அமுக்கினால் மாறவில்லை என்றதும் தலையை ஆட்டினார். மாறியிருந்தால் கியர் பாக்ஸ் பக்கமும் தேட வேண்டியிருக்குமாம்.

எல்லாம் கேட்டுவிட்டு, "டீச்சர், இப்ப வண்டி சூடா இருக்குதுங்க. சூடான எஞ்சின் ஒண்ணும் சொல்லாதுங்க. ராத்திரி இங்கயே நிக்கட்டும். காலைல ஏழு மணிக்கு நீங்களும் வந்துருங்க. நீங்க வராம நான் சாவியைத் தொட மாட்டனுங்க" என்றார்.

பணம் வாங்காமல், விலை சொல்லாமல், வண்டியை ஒரு ராத்திரி ஆறவிடச் சொன்ன அந்த இடத்திலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை ஏழுக்குப் போனபோது பானட் திறந்திருந்தது. பட்டறைக் கம்ப்ரஸரை நிறுத்தி வைத்திருந்தார். ஒரு பையன் உள்ளே உட்கார்ந்தான். என்னை பெல்ட் ஓடும் பக்கமாக, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். துப்பட்டாவை நன்றாகச் சுற்றி முடிந்துகொள்ளச் சொன்னார். சாவி திரும்பியது. அதே கூழாங்கல் சத்தம். கையை எஞ்சினின் அந்த ஓரத்தை நோக்கி நீட்டி, "அங்க கேக்குதுங்களா?" என்றார். கேட்டது. மூன்று நாளாகக் காருக்குள் உட்கார்ந்து நான் கேட்டபோது எல்லாப் பக்கமும் இருந்த சத்தம், அங்கே நின்று கேட்டபோது ஒரே ஓரத்துக்குப் போய்விட்டது.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மறக்காது. ஒரு முழத்துக்கும் மேல் நீளமான திருப்புளியை எடுத்தார். கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக்கொண்டு, முனையை ஓடுகிற எஞ்சினில் ஓடாத பாகங்களாகப் பார்த்து ஒவ்வொன்றிலும் வைத்தார். ஆல்டர்னேட்டர் உடம்பு, வாட்டர் பம்ப் பக்கம், ஏசி கம்ப்ரஸர், பெல்ட்டைத் தாங்கிச் சும்மா சுற்றும் ஐட்லர் புல்லியின் நடு போல்ட். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூச்சு நேரம். பிறகு என்னிடம் கொடுத்தார். அவரே முனையைப் பிடித்து வைத்தார், நான் கைப்பிடியைக் காதில் வைத்தேன். ஆல்டர்னேட்டரில் சீராக ஒரு ரீங்காரம். ஐட்லர் போல்ட்டில் வைத்ததும் காதுக்குள்ளேயே மணலை அம்மியில் அரைப்பது மாதிரி இருந்தது. திடப்பொருளில் ஒலி காற்றைவிடப் பல மடங்கு வேகமாகப் போகும் என்று வருடா வருடம் தீப்பெட்டியும் நூலும் கட்டி நடத்துகிறேன். அந்தப் பாடம் என் சொந்தக் காதுக்குள் இப்படி வந்து இறங்கும் என்று நினைத்ததில்லை.

அதோடு விட்டிருந்தால்கூட எனக்குப் போதும். அவருக்குப் போதவில்லை. எஞ்சினை நிறுத்தி, வெளியே ஓடுகிற பெல்ட்டைக் கழற்றினார். "இந்த எஞ்சின்ல வாட்டர் பம்பும் இதே பெல்ட்டுலதானுங்க ஓடுது. அதனால அரை நிமிஷத்துக்கு மேல ஓட்டக் கூடாது" என்று பையனுக்குச் சொல்லிவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ரேஸ் செய்தார்கள். முனகல் இல்லை. ஏறவே இல்லை. டீசல் எஞ்சினுக்கே உரிய தடதடப்பு மட்டும்தான். 65,000 ரூபாய்க்கு எஞ்சினை இறக்கச் சொன்ன சத்தம் எஞ்சினுக்குள் இல்லை என்று அரை நிமிடத்தில் என் கண் முன்னால் நிரூபித்துவிட்டார். நிறுத்தியபிறகு ஐட்லர் புல்லியை என் விரலால் சுற்றிப் பார்க்கச் சொன்னார். கரகரவென்று தடுக்கித் தடுக்கிச் சுற்றியது. பக்கத்தில் ஆல்டர்னேட்டர் புல்லி வழுக்கிக்கொண்டு சுற்றியது. புல்லி 1,150, பெல்ட்டும் வெடிப்பு விட்டிருந்ததால் அது 850, கூலி 400. பதினோரு மணிக்கு முனகல் போய்விட்டது.

காலைக் கூழாங்கல் சத்தம் வேறு கதை. அதற்கு அவர் டிப் ஸ்டிக்கை உருவி, ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்தார். இந்த எஞ்சினுக்குச் சொல்லப்பட்டது 5W-30, மெல்லிசான ஆயில். உள்ளே இருந்தது ஆறின நிலையில் விளக்கெண்ணெய் மாதிரி இருந்தது. விற்கும் வண்டிகளில் கெட்டி ஆயிலை ஊற்றி விடுவது பழைய வழக்கமாம். தேய்ந்த இடங்களில் கனமாக நின்று, சூடான எஞ்சினில் டொக் டொக் சத்தத்தை அமுக்கிவிடும். நான் டெஸ்ட் டிரைவ் போனபோது பூ மாதிரி எடுத்ததற்கும் பானட் சுட்டதற்கும் அப்போதுதான் விடை கிடைத்தது.

அந்த எஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைச் சுற்றுவது டைமிங் செயின். செயினைத் தளர விடாமல் தள்ளிப் பிடிப்பது டென்ஷனர். டென்ஷனருக்குத் தெம்பு ஆயில் பிரஷர். ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினில் ஆயில் கீழே இறங்கியிருக்கும். ஸ்டார்ட் ஆனதும் பம்ப் ஆயிலை மேலே ஏற்றுகிற வரைக்கும் டென்ஷனர் தளர்வாக நிற்கும். செயினும் தேய்ந்திருந்தால் அந்தச் சில விநாடி அது அலைந்து, தனக்குப் பக்கத்தில் தடமாக நிற்கும் பிளாஸ்டிக் கைடில் அடிக்கும். கெட்டி ஆயில் மெதுவாக ஏறும் என்பதால் அடிக்கிற நேரம் இன்னும் கூடும். சூட்டில் சத்தத்தை மறைக்க ஊற்றிய அதே ஆயில் காலையில் காட்டிக் கொடுத்துவிட்டது. இரண்டாவது கடைக்காரர் சொன்ன மாதிரி இன்னும் கெட்டி ஆயில் ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

செயினை உடனே மாற்றிவிடலாமா என்று நானே கேட்டேன். அவர் அவசரப்படவில்லை. "மொதல்ல சரியான ஆயிலு, புது ஃபில்டர் போட்டு ஓட்டுங்க. ஒரு 400 கிலோமீட்டர் கழிச்சு மறுபடி ஒரு ராத்திரி விடுங்க. சத்தம் போயிருச்சுன்னா செயினைத் தொட வேண்டாமுங்க. போகலீன்னா மாத்திருவோம். அப்ப இந்த ஆயிலும் போயிரும், அத இப்பவே சொல்லிப்போடறனுங்க" என்றார். ஆயிலும் ஃபில்டரும் 2,300 ரூபாய். இரண்டு வாரம் ஓட்டினேன். மூன்று விநாடி ஒன்றரை விநாடி ஆனது. போகவில்லை. மறுபடி ஒரு காலை ஏழு மணி, மறுபடி அந்த ஓரம். "செயின்தானுங்க. நாளைக்கே அறுந்துரும்னு பயப்படுத்த மாட்டேன். ஆனா செயின் பல்லு தாண்டுச்சுன்னா வால்வும் பிஸ்டனும் மோதிக்கும். அப்ப நெசமாவே எஞ்சினைப் பிரிக்கணும். லீவு வருதில்லீங்க, அப்ப விடுங்க" என்றார்.

காலாண்டுப் பரீட்சை லீவில் விட்டேன். இங்கேதான் எனக்குக் குறை. மூன்று நாள் என்று சொன்ன வேலை ஐந்து நாள் ஆனது. கிராங்க் பக்கத்து ஆயில் சீல் தப்பான அளவில் வந்துவிட்டது, திருப்பி அனுப்பி வேறு வாங்கினார்கள். அது யாருக்கும் நடக்கும். ஆனால் அதை ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். நான் அழைத்தாலும் பகலில் போனை எடுப்பதில்லை. நாலாம் நாள் அம்மாவை ஆட்டோவில் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போய், காலை மடக்க முடியாமல் அவர் பட்ட பாட்டைப் பார்த்தபோது கோபம் வந்தது. நேரில் போய்ச் சொன்னேன். "தப்புத்தானுங்க டீச்சர். கை பூரா ஆயிலு, போனைத் தொட முடியறதில்லைங்க. பையன்கிட்டச் சொல்லிப் போடச் சொல்லியிருக்கோணும்" என்றார். சாக்குச் சொல்லவில்லை. இருந்தாலும் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். உட்கார ஒரு ஸ்டூல்தான் உண்டு. பெண்களுக்குக் கழிப்பறை வசதி கிடையாது. பில் கையால் எழுதியது. கார்டு எடுப்பதில்லை, ஜிபே உண்டு.

அன்றைக்குத்தான் பழைய செயினைக் காட்டினார். தினத்தந்தி விரித்து, அதன்மேல் பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. சுவரில் ஒரே ஆணியில் இரண்டையும் மாட்டினார். பழையது ஒரு நூல் அளவு கீழே தொங்கியது. அவ்வளவுதானா என்று தோன்றியது. பிறகு பழையதை எடுத்து, பக்கவாட்டில் படுக்கை வசமாக ஒரு முனையைப் பிடித்தார். முருங்கைக்காய் வாடினால் வளையுமே, அப்படி வளைந்து தொங்கியது. புதியதை அப்படியே பிடித்தார், கொஞ்சம்தான் சரிந்தது. செயின் இழுபட்டுவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோம். இரும்பு இழுபடவில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ளே இருக்கிற பின்னும் அது சுற்றுகிற துளையும் துளித்துளி தேய்கின்றன. அத்தனை கண்ணியின் தேய்மானமும் சேர்ந்துதான் நீளமாகத் தெரிகிறது. டீசல் எஞ்சினில் ஆயிலை மாற்றாமல் விட்டால் அதில் சேரும் கரியே உப்புத்தாள் மாதிரி தேய்க்கும் என்றார். பிளாஸ்டிக் கைடில் செயின் ஓடின தடம் இருந்தது. என் கட்டைவிரல் நகம் அதில் போய் நின்றது.

பழைய செயினை நான் கேட்கும் முன்பே பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். புதுப் பாகங்களின் காலி டப்பாக்கள், ஸ்பேர் பார்ட்ஸ் கடை பில், எல்லாம் அதே பையில். செயின் கிட் 7,800, சீலும் பேஸ்டும் 900, ஆயில் ஃபில்டர் மறுபடி 2,300, கூலி 5,500. மொத்தம் 16,500. முதல் இரண்டு முறையும் சேர்த்தால் 21,200 ரூபாய். எனக்கு இது சின்னத் தொகை இல்லை. ஆனால் ஒவ்வொரு ரூபாயும் எந்தச் சத்தத்துக்குப் போனது என்று எனக்குத் தெரியும்.

செயின் இப்போது எங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து படுக்கை வசமாகப் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு பெண் குழந்தை, "டீச்சர், எங்கப்பா டிராக்டர்லயும் காலைல இப்படிச் சத்தம் வருது" என்றாள். ஆயில் எப்போது மாற்றினார் என்று கேட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

வண்டி எப்படி இருக்கிறது என்றால், நவம்பரில் ஒரு மழை நாள் காலை 6.40-க்குச் சாவியைத் திருப்பி, ஜன்னலை இறக்கிக் கேட்டேன். ஒரு சிறு 'டிக் டிக்' மட்டும் இன்னும் இருக்கிறது. அதையும் திருப்புளியோடு கேட்டுவிட்டு, இன்ஜெக்டர் சத்தம், டீசலுக்கு இயல்பு, விட்டுவிடுங்கள் என்றார். விட்டுவிட்டேன். 10,000 கி.மீ. வரை காத்திருக்காமல் 7,500-லேயே ஆயில் மாற்ற வரச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் பி.டி. சார் எனக்குச் சொன்ன வழியில்தான் போக வேண்டும்: சத்தி ரோட்டில் இறங்கி, கார் பட்டறை என்று எந்த டீக்கடையில் கேட்டாலும் கை காட்டுவார்கள். வண்டியைச் சாயங்காலமே கொண்டுபோய் விடுங்கள். காலையில் நீங்கள் போய்ச் சேரும்வரை அவர் சாவியைத் தொட மாட்டார். ஏழு மணிக்கு முன்னால் போனால் சந்தில் வேறு வண்டிச் சத்தம் இருக்காது, நன்றாகக் கேட்கும்.